வயிற்றுக்கு இனம் உண்டா?

"வயிற்றுப் புற்றுநோய் சீனருக்கு வரும் நோய். நம்மவர்களுக்கு இனிப்பு நீரும் இருதயமும்தான்."

இந்தப் பேச்சைக் கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன், கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன், கிளினிக் வாசலில் காத்திருக்கும்போதும் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சொல்கிறார்கள், தோட்டத்தில் கிராணியாக இருந்தவர்கள் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். முழுப் பொய்யை யாராவது மறுத்துவிடுவார்கள். பாதி உண்மையை நம்பி ஆளே போய்விடுகிறார்.

நான் டாக்டர் இல்லை. பேராக்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் ஆய்வகத்தில் 34 ஆண்டுகள் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்கோப் செய்து வயிற்றிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகள் சின்னச் சின்ன பாட்டிலில் எங்களிடம் வரும். அதை மெழுகில் பதித்து, மெலிதாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் டாக்டரிடம் கொடுப்பது என் வேலை. கூடவே வரும் பாரத்தில் பெயர், அடையாள அட்டை எண், வயது எல்லாம் இருக்கும். இனம் என்று ஒரு கட்டமும் இருக்கும். மலாய், சீனர், இந்தியர், மற்றவர். அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

முதலில் அந்தப் பாதி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் வயிற்றுப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். அடுத்தது இந்தியர். மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. சிங்கப்பூரிலும் சீனர்களே முன்னால் நிற்கிறார்கள். இது பதிவேடுகளில் உள்ள செய்தி, யாரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த நோய்க்கு வேராக இருக்கும் கிருமியை எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிப்போகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அதன் பெயர். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்களும் மற்றவர்களும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், பரிசோதிக்கப்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. சீனர்களில் சில ஆய்வுகளில் நான்கில் ஒருவருக்கு, சிலவற்றில் பாதிக்கு மேல். மலாய்க்காரர்களில் சில ஆய்வுகளில் எட்டில் ஒருவர், கூடிப்போனால் பத்தில் மூவர். கிளந்தானில் கதையே வேறு. குபாங் கிரியானில் உள்ள பல்கலைக்கழக மருத்துவமனைக்காரர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் அங்குள்ள மலாய்க்காரர்களில் நூற்றில் ஒரு சிலரிடமே கிருமி தென்பட்டது. உலகத்தில் இவ்வளவு குறைவான இடங்கள் மிகச் சிலவே.

கிருமியைச் சுமப்பதில் நாம் சீனருக்குச் சளைத்தவர்கள் இல்லை. புற்றுநோயில் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறோம். மருத்துவ உலகில் இதை 'இந்தியப் புதிர்' என்றே சொல்வார்கள். ஆப்பிரிக்காவுக்கும் இப்படி ஒரு புதிர் உண்டு.

கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வயிற்றுப்புண் என்றால் காரமும் கவலையும்தான் காரணம் என்பார்கள். வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது அன்றைய பாடம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, வயிற்றழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

கிருமி ஒட்டுவது பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள். தாயிடமிருந்து பிள்ளைக்கு, அண்ணனிடமிருந்து தம்பிக்கு. ஒரே தட்டு, மென்று ஊட்டிய சோறு, சுத்தமில்லாத தண்ணீர், நெருக்கமான படுக்கை. ஒருமுறை வந்து குடியேறினால், மருந்து சாப்பிட்டு விரட்டாதவரை அநேகமாக ஆயுள் முழுக்க இருக்கும். சுமப்பவர்களில் பலருக்கு ஒன்றுமே தெரியாது. பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ புண் வரும். நூற்றில் ஒன்று முதல் மூன்று பேருக்குப் புற்றுநோய் வரும்.

அந்த நோயும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. கொலம்பியாவில் பிறந்த பெலாயோ கொரியா என்ற நோயியல் மருத்துவர் அது வரும் வழியைப் படிப்படியாகக் காட்டினார். முதலில் நாள்பட்ட அழற்சி. பிறகு வயிற்றுச் சுவரில் உள்ள சுரப்பிகள் தேய்ந்துபோகும். அதன் பிறகு வயிற்றின் உட்தோல் குடலின் தோல்போல் மாறிவிடும். இதற்கு மெட்டாபிளேசியா என்று பெயர். பால்மரம் நின்ற காட்டில் செம்பனை நட்ட மாதிரி. நிலம் அதேதான், நிற்கும் மரம் வேறு. அதற்கும் அடுத்துச் செல்கள் ஒழுங்கு தவறும். கடைசியில்தான் புற்று. இதற்கெல்லாம் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆகலாம். பெரும்பாலானோர் வழியிலேயே நின்றுவிடுவார்கள்.

மெட்டாபிளேசியாவைப் பார்க்க ஆல்சியன் நீலம் என்ற சாயம் போடுவோம். மாறிப்போன செல்கள் நீல மணிகள் போல் தெரியும். 1980களின் கடைசியில் டாக்டர்கள் கிருமியையும் தேடச் சொன்னார்கள். அதற்கு வேறு சாயம். எத்தனையோ தகடுகள் என் கையால் போயிருக்கின்றன. நீலம் ஏறிய தகட்டைப் பார்த்து இது சீனர் வயிறு, இது தமிழர் வயிறு என்று யாராலும் சொல்ல முடியாது. பாரத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு ஏன் இனத்துக்கு இனம் இந்த வித்தியாசம்? எனக்குப் புரிந்தவரை மூன்று காரணங்கள்.

முதலாவது, வந்த கதை. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்தும், சீனர்களின் முன்னோர் தென்சீனாவிலிருந்தும் கப்பலேறி வந்தபோது கிருமியையும் வயிற்றில் கொண்டுவந்தார்கள். தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர், ஆயாக்கொட்டகையில் இருபது முப்பது குழந்தைகள், பொதுக் குழாய். கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இனம் விட்டு இனம் கல்யாணம் அதிகம் இல்லாததால் கிருமியும் அந்தந்த வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சுற்றியது. 2009இல் வந்த ஓர் ஆய்வில் இந்நாட்டு மக்களின் வயிற்றுக் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சீனர்களின் கிருமி கிழக்காசிய வகை. இந்தியர்களின் கிருமி இந்திய வகை. மலாய்க்காரர்களிடம் இருந்ததோ பெரும்பாலும் இந்தியக் கிருமியின் சொந்தம்! அவர்களுக்கு இது அண்மைக் காலத்தில், அநேகமாக நம்மிடமிருந்து போனது என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். பக்கத்தில் வாழ்ந்ததற்குக் கிருமியே சாட்சி.

இரண்டாவது, கிருமியின் குணம். எல்லாப் பைலோரியும் ஒன்றல்ல. காக்-ஏ என்ற புரதத்தைச் சில கிருமிகள் வயிற்றுச் செல்லுக்குள் செலுத்தும். கிழக்காசியக் கிருமிகளிடம் உள்ள காக்-ஏ கூடுதல் முரட்டுத்தனமானது. இந்தியக் கிருமிகளிடம் உள்ளது வேறு வகை.

மூன்றாவது, சாப்பாடும் பழக்கமும். உப்பு மிகுந்த உணவு, புகைபோட்ட இறைச்சி, சிகரெட் ஆகியவை கிருமிக்குத் துணைபோகும். காய்கறியும் பழமும் எதிர்த்து நிற்கும். கிளந்தான்காரர்கள் சாப்பிடும் பெகாகா கீரையைக்கூட ஆராய்ந்திருக்கிறார்கள். நம் வல்லாரைதான் அது. உடனே வல்லாரைத் துவையல் சாப்பிட்டால் கிருமி செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அதை யாரும் நிரூபிக்கவில்லை.

கொலம்பியாவிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. அங்கே நரினோ மாநிலத்தில் மலையில் ஒரு கூட்டம், கடற்கரையில் ஒரு கூட்டம். இடையில் சில நூறு கிலோமீட்டர்தான். இரண்டு இடத்திலும் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி உண்டு. ஆனால் மலைவாசிகளுக்குப் புற்றுநோய் கடற்கரையாரைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு. மலையில் இருப்பவர்கள் அமெரிக்கப் பழங்குடி வழியினர், கடற்கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க வழியினர். ஆளின் பூர்வீகமும் கிருமியின் பூர்வீகமும் ஒத்துப்போகும் இடத்தில் கேடு குறைவு, ஒத்துப்போகாத இடத்தில் அதிகம் என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. நெடுங்காலம் கூடவே இருந்த கிருமியும் வயிறும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன போலும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படியானால் நமக்குப் பயமில்லை, நம் கிருமி நமக்குப் பழகியதுதானே' என்று யாராவது சொன்னால், அங்கேதான் நான் சண்டைக்கு நிற்பேன்.

காரணம் கேளுங்கள். 'இந்தியர்' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் அடக்கம்? இந்தியாவிலேயே வயிற்றுப் புற்றுநோய் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. வடகிழக்கில் மிசோரம்தான் முதலிடம். புகைபோட்ட இறைச்சியும் புகையிலைப் புகை ஏற்றிய தண்ணீரும் அங்கே பழக்கம். வட இந்தியாவின் பல இடங்களில் இந்த நோய் குறைவு. தெற்கே, நம் தாத்தா பாட்டி கப்பலேறிய தமிழ்நாட்டில், சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களில் தொடங்கியபோது ஆண்களிடம் முன்னணியில் நின்ற புற்றுநோய்களில் ஒன்று இதே வயிற்றுப் புற்றுநோய்தான். நம் பாரத்தில் 'இந்தியர்' என்று எழுதியிருக்கிறதே தவிர, நம்மில் பெரும்பாலோர் வந்த ஊர் அது. இந்தியப் புதிர் என்ற குடை நம் தலைக்கு முழுதாக எட்டாது.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், தோட்டத்தில் பிறந்து லாரி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். பல வருடம் 'காஸ்ட்ரிக்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மருந்துக்கடையில் வெள்ளைத் தண்ணி மருந்து வாங்கிக் குடிப்பார். அவர் வழக்கமாகப் போன ஒரு தனியார் கிளினிக்கில், ஸ்கோப் எடுக்க வேண்டுமா என்று இவரே கேட்டிருக்கிறார். "உங்க ஆளுங்களுக்கு அந்த நோய் வர்றது குறைவு, காரத்தைக் குறைங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்களாம். ஒன்றரை வருடம் கழித்து எடை குறைந்து, மலம் கறுத்துப் போன பிறகு ஸ்கோப் எடுத்தார்கள். நேரம் கடந்துவிட்டது. 66 வயதில் போனார். குறைவு என்பது இல்லை என்பதாகாது. அந்தக் கிளினிக்கில் அவர் வயிற்றைப் பார்ப்பதற்கு முன் அவர் இனத்தைப் பார்த்துவிட்டார்கள்.

காரியம் முடிந்த பிறகு வீட்டில் எல்லாரையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். என் மனைவி போனார். கிருமி இருந்தது, மருந்து சாப்பிட்டார், போய்விட்டது. அவர் தங்கை மட்டும் பிடிவாதம்.

"எனக்கு வெறும் காஸ்ட்ரிக்தான் அத்தான். சீனருக்கு வர்ற நோய்க்கு நான் எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்?"

"உங்க அண்ணன் சீனராம்மா?" என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த வாரம் போனார்.

இதைத்தான் இங்கேயும் சொல்ல வருகிறேன். அந்த இனக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அந்தக் கட்டம் இல்லாவிட்டால் கிளந்தான் செய்தி வந்திருக்காது, நம்மில் பாதிப் பேர் கிருமியைச் சுமந்தோம் என்பதும் தெரிந்திருக்காது. ஆனால் அது எங்கே தேட வேண்டும் என்று காட்டும் கைகாட்டி மட்டுமே. தேட வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதற்கு இல்லை. கூட்டத்தைப் பற்றிய கணக்கைத் தனி ஆளின் தலைமேல் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இனம் விதி இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே அத்தாட்சி உண்டு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1989-90இல் ஸ்கோப் செய்துகொண்டவர்களில் இருவரில் ஒருவருக்குக் கிருமி இருந்தது. இருபது ஆண்டு கழித்து அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. இருபது வருடத்தில் யாருடைய இனமும் மாறவில்லை. வீடு மாறியது, குழாய்த் தண்ணீர் வந்தது, பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது, மருந்தும் வந்தது. நம் பேரப்பிள்ளைகள் பலருக்கு இந்தக் கிருமியே இருக்காது. லயத்தில் பிறந்த நமக்குத்தான் இருக்கும். அதனால்தான் இதை நம் வயதுக்காரர்களுக்கு எழுதுகிறேன்.

இனி செய்ய வேண்டியவை. டாக்டரிடம் கேட்க வேண்டியதையே சொல்கிறேன், வைத்தியம் சொல்லவில்லை.

வயிற்று எரிச்சல், உப்புசம் என்று மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்கள் கிருமிப் பரிசோதனை கேளுங்கள். தாய், தகப்பன், உடன்பிறந்தவர் யாருக்காவது வயிற்றுப் புற்றுநோய் வந்திருந்தால் தொல்லை இல்லாவிட்டாலும் கேளுங்கள். ஊதிப் பார்க்கும் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது, மலப் பரிசோதனையும் இருக்கிறது. ஊசிகூடக் கிடையாது. ஒமிப்ரசோல் வகை அமில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே போனால் கிருமி ஒளிந்துகொள்ளும். டாக்டரைக் கேட்டு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் நான்கு வாரம் போக வேண்டும்.

எடை குறைவது, கறுப்பு மலம், விழுங்கச் சிரமம், அடிக்கடி வாந்தி, ரத்தசோகை இருந்தால் ஊதிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்கோப்தான்.

கிருமி இருந்தால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. வாய் கசக்கும், வயிறு கலங்கும். அதற்காக ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டால் மருந்துக்குப் பழகிய கிருமி மிஞ்சும். முடித்த பிறகு நான்கு வாரமாவது கழித்து மறுபடி பரிசோதித்து, போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்கோப் அறிக்கையில் மெட்டாபிளேசியா என்று வந்தால் பதற வேண்டாம். நெதர்லாந்தில் நாடு முழுக்கப் பார்த்த கணக்கில், அப்படி உள்ளவர்களில் ஆண்டுக்கு நானூறு பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் வந்தது. ஆனால் அறிக்கையை அலமாரியில் வைத்து மறந்துவிடவும் வேண்டாம். சிங்கப்பூரில் 2004இல் தொடங்கி 50 வயதுக்கு மேற்பட்ட 2980 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். மாற்றம் வயிற்றில் பரவலாக இருந்தவர்களுக்கே ஆபத்து மிக அதிகம் என்று தெரிந்தது. எனவே டாக்டரிடம் "எவ்வளவு பரவியிருக்கிறது, மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் முக்கியமாகச் சீனர்கள். நம்மவர்களையும் அதுபோல் தொடர்ந்து பார்க்க இங்குள்ள பல்கலைக்கழகங்கள் முன்வர வேண்டும் என்பது என் ஆசை.

விரட்டினால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் எல்லாரையும் பரிசோதித்து மருந்து கொடுத்தார்கள். வயிற்றுப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. கொரியாவில் வயிற்றுப் புற்றுநோயாளிகளின் நெருங்கிய சொந்தங்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒன்பது ஆண்டுக்கு மேல் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 1.2 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 2.7 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. இரண்டு வாரக் கசப்புக்கு இது நல்ல வியாபாரம் இல்லையா?

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் ரத்த அழுத்தமும் இனிப்பும் பார்க்கிறார்கள். அதோடு மூச்சுப் பரிசோதனையையும் சேர்த்தால் என்ன? கிருமி அதிகம் உள்ளவர்கள் யார் என்பது நம் சொந்த ஆய்வுகளிலேயே இருக்கிறது. இனக் கட்டத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த இதைவிட ஏற்ற இடம் எனக்குத் தோன்றவில்லை.

அரசாங்கம் செய்யும்வரை நாமே கேட்டு வாங்குவோம். அடுத்த முறை கிளினிக்கில் யாராவது "உங்க ஆளுங்களுக்கு வராது" என்று சொன்னால், மரியாதையாகவே சொல்லுங்கள்: "சரிங்க டாக்டர், எனக்கு வந்திருக்கான்னு பாருங்க."